ஏ-ஃபோட்டி மலையேறிய நாள்

பழைய காருக்குப் பெற்றோல் இன்ஜெக்சன் பொருத்துவது எப்படி என்று, தொழில் பழகும் உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. எந்த வயர் எங்கே போகும், எந்தப் பெட்டியில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் இப்போது உங்கள் கைபேசியிலேயே கிடக்கிறது. என்னைவிட உங்களுக்கு அது நன்றாகவும் தெரியும். நான் சொல்ல நினைப்பது வேறு. எல்லாவற்றையும் சரியாகப் பொருத்திய பிறகும் கார் நடுவீதியில் நின்றுவிடுகிறது. பின்னால் பஸ்காரன் ஹோர்னில் கை வைத்தவன் எடுக்கவில்லை. காருக்குச் சொந்தக்காரர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்? அதற்கு வீடியோ எதுவும் இல்லை.

எனக்கு அது இறம்பொடை மலை வளைவில் நடந்தது. ஓய்வு பெறுவதற்கு முன் நான் செய்த கடைசிப் பெரிய வேலை அது. சொல்லத் தொடங்கினால் இப்போதும் எனக்குக் கதிரையில் இருக்க முடிவதில்லை.

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் வாகனம் திருத்தும் என் கராச்சுக்கு ஒருநாள் பாலன் அண்ணையும் லெட்சுமி அக்காவும் தங்கள் ஏ-ஃபோட்டியில் வந்து இறங்கினார்கள். அந்தக் காரை உங்களில் பலர் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். எழுபது வயதுக் கார். குண்டு முகம், உருண்டை விளக்கு, முன்னால் இருவர் நெருக்கியடித்து இருக்க வேண்டிய இருக்கை. இருவரும் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்கள். அறுவடை முடிந்தால் வீட்டில் இருக்க மாட்டார்கள். பாயும் சுடுதண்ணீர்ப் போத்தலும் ஏற்றிக்கொண்டு மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு என்று சுற்றுவார்கள். ஊர் சுற்றுவதற்காகவே வயல் செய்கிறார்கள் என்று சனம் பகிடி பண்ணும்.

ஆனால் மலைநாட்டுக்கு மட்டும் அந்தக் கார் போனதில்லை. இரண்டு தடவை புறப்பட்டு இரண்டு தடவையும் மாத்தளைக்கு மேலே மூச்சுத் திணறி நின்று, லொறியில் ஏறி வீடு வந்து சேர்ந்தது. மலையேறும் சூட்டில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். அதைத் தாண்டினாலும் உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பழைய காபரேற்றருக்கு அது தெரியாது. கீழே கொடுத்த அளவு பெற்றோலையே மேலேயும் கொடுக்கும். கறுப்புப் புகைதான் மிச்சம்.

"இந்த முறை லொறியிலை வர ஏலாது," என்றார் பாலன் அண்ணை. "இவவின்ரை தங்கச்சியின்ரை மகளுக்குக் கலியாணம். பொம்பிளை எங்கடை காரிலைதான் கோயிலுக்குப் போறதெண்டு இவ வாக்குக் குடுத்திட்டா."

"நீங்களும் சேந்துதானே குடுத்தனீங்க," என்றார் லெட்சுமி அக்கா.

லெட்சுமி அக்கா பிறந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். சின்ன வயதில் கலவரத்துக்குத் தப்பித் தாய் தகப்பனுடன் வன்னிக்கு வந்தவர். கடைசித் தங்கை ராசம்மா மட்டும் பின்னர் மலைநாட்டிலேயே கலியாணம் கட்டித் திரும்பிப் போய்விட்டார். அந்தத் தங்கையின் ஒரே மகள்தான் மணப்பெண்.

"அண்ணை, இதுக்கு இன்ஜெக்சன் போட ஏலுமோ?" என்று பாலன் அண்ணை கேட்டார்.

காபரேற்றரைக் கழற்றிவிட்டு, காற்றின் அளவைப் பார்த்துக் கணினியே பெற்றோலைத் தெளிக்கும் முறை அது. ஆயுள் முழுக்கக் காபரேற்றர் கழுவிய கை இது. பெற்றோல் வராத யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டியவர்கள் நாங்கள். ஆனால் இதை நான் செய்ததில்லை. வன்னியில் யாரும் செய்ததாகவும் எனக்குத் தெரியாது. "ஏலும்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

சொன்ன கையோடு வவுனியாவுக்கு, துசா என்று நாங்கள் கூப்பிடும் துசாந்தினியைத் தேடிப் போனேன். வாகன மின்னணு வேலை படித்துவிட்டுப் பூவரசங்குளத்தில் தன் வீட்டு முன்னறையிலேயே பட்டறை வைத்திருந்தார். புதிய கார்களின் கணினிப் பெட்டியைத் திறந்து வேலை செய்யக்கூடியவர் அப்போது எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். விசயத்தைச் சொன்னேன். கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். பிறகு, "அண்ணை, அந்தக் காரிலை கறன்ற் மற்றப் பக்கமாயெல்லோ ஓடுது! காரின்ரை உடம்புக்கு மைனசை விட்டிட்டுப் பிளஸ் குடுத்த கார்!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. வேலை கடினம் என்று தெரிந்ததும் சிரிக்கிறவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். எனக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைத்தது.

வேலை நடந்த விதத்தை விட்டுவிடுகிறேன். மின்சாரத்தைத் திசை மாற்றினோம். டைனமோவைக் கழற்றி, கூடுதல் மின்சாரம் தரும் ஓல்ரனேற்றர் போட்டோம். காபரேற்றர் இருந்த இடத்தில் உடைந்த சின்னக் கார் ஒன்றிலிருந்து எடுத்த இன்ஜெக்சன் வாயைப் பொருத்தினோம். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைக் கணினிக்குச் சொல்ல, கப்பிக்குப் பக்கத்தில் ஒரு சென்சர் வைத்தோம். பெற்றோல் ராங்கியின் பக்கத்தில் அழுத்தமாகத் தள்ளும் மின்சாரப் பம் ஒன்று. எஞ்சினோடு பிறந்த பழைய பம்மைக் கழற்றாமல் அப்படியே விட்டோம். காரில் எதையும் வெட்டுவதில்லை, திரும்பிப் போக முடியாத எதையும் செய்வதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம். யாழ்ப்பாணத்துப் பழைய கார் ஆட்கள் சிலர் தொலைபேசியில் எடுத்து ஏசினார்கள். "காரின்ரை உயிரைப் புடுங்கிறியள்" என்றார் ஒருவர். அந்தக் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் சொந்தக்காரர்கள் அதைக் கண்ணாடிக்குள் வைக்கப் போவதில்லை, ஊர் சுற்றப் போகிறார்கள் என்பதும் நியாயம்தான்.

முதல் தடவை சாவியைத் திருப்பிய நேரம்! ஒரு சுற்று. அவ்வளவுதான். இழுவை இல்லை, இருமல் இல்லை, கைப்பிடி போட்டுச் சுழற்றத் தேவையில்லை. தையல் மெசின் போல ஓடத் தொடங்கியது. துசா கைகளைத் தட்டிக்கொண்டு கராச்சைச் சுற்றி ஓடினார். நான் எஞ்சின் மூடியான பொனற்றைத் தட்டிக்கொடுத்தேன்.

ஏ-ஒன்பது வீதியில் மாங்குளம் வரை ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கார் ஆட்டுக்கடா போல முட்டி முட்டிப் பாய்ந்தது. நான் கணினிப் பெட்டியைச் சந்தேகித்தேன். துசா வீதியோரத்தில் பொனற்றுக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு சொன்னார்:

"பெட்டி பொய் சொல்லேல்லை அண்ணை. பெட்டிக்குப் பொய்ச் செய்தி போகுது."

சென்சரின் வயர், பிளக் வயரோடு ஒட்டி ஓடியிருக்கிறது. பிளக்கில் பொறி அடிக்கும்போதெல்லாம் அந்த இரைச்சல் சென்சர் வயருக்குள் புகுந்து, எஞ்சினின் வேகத்தைத் தப்பாகச் சொல்லியிருக்கிறது. வயரை வேறு வழியாகக் கொண்டுபோனோம். கார் பட்டுப்போல ஓடியது. மாங்குளம், வவுனியா, திரும்பப் பளை வரை என்று நாள் கணக்கில் ஓட்டினோம். ஒரு குறை இல்லை. எங்கள் தலைகள் கொஞ்சம் வீங்கிவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

கலியாணத்துக்கு முதல் நாள் விடிய நால்வராகப் புறப்பட்டோம். முதல் நெடும்பயணம் என்பதால் நானும் துசாவும் கூடப் போவதென்று முடிவு. பாலன் அண்ணை ஓட்டினார். நான் முன்னால். பின்னால் இடப்பக்கம் லெட்சுமி அக்கா. வலப்பக்கம் மடிக்கணினியோடு துசா. மாத்தளை வந்தது. முன்பு கார் நின்ற இடம் வந்ததும் பாலன் அண்ணை வேகத்தைக் குறைக்காமலே வீதியோரத்தைக் கைகாட்டி, "உந்த மரத்துக்குக் கீழைதான் போனமுறை சோறு திண்டனாங்கள்!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தோம். கண்டி கடந்தது. புசல்லாவை கடந்தது. தேயிலை வந்தது. குளிர் வந்தது. லெட்சுமி அக்காவின் தமிழ்கூட மாறத் தொடங்கியது. கிளிநொச்சியில் "ஓம், வாறன்" என்கிறவர், "ஆமாங்க, அந்தா பாருங்க, அந்தா தண்ணி விழுகுது பாருங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார். "மலையைக் கண்டவுடனை இவவின்ரை நாக்கும் கியர் மாத்திட்டுது," என்றார் பாலன் அண்ணை.

இறம்பொடை ஏற்றம் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகள். வேகத்தை விட்டால் ஏறாது என்று பாலன் அண்ணை வளைவுகளைக் கொஞ்சம் வீச்சாகவே எடுத்தார். ஒரு வளைவின் நடுவில் எஞ்சின் பொத்தென்று நின்றது.

எச்சரிக்கை இல்லை, இருமல் இல்லை. வாயைப் பொத்தியது போல. கார் பின்னுக்கு உருள முதல் பாலன் அண்ணை பிரேக்கை மிதித்துவிட்டார். சாவியைத் திருப்பினால் உடனே ஓடுகிறது. மேலே போனோம். இரண்டு வளைவு தாண்டி மறுபடி நின்றது. மறுபடி ஓடியது. மூன்றாவது தடவை நின்றபோது பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் மரக்கறி லொறி, அதற்குப் பின்னால் நீளமாக ஒரு வரிசை. தள்ளித் தள்ளி ஓரமாக விட்டோம். பஸ் கடந்து போகும்போது சாரதி தலையை வெளியே நீட்டி, "பழசைப் பழசா விட்டிருக்கலாமே!" என்றான்.

அந்த நேரத்தில் நானும் துசாவும் என்ன செய்தோம் தெரியுமா? ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் கேட்காமல், பொனற்றைத் திறந்து அந்தச் சென்சர் வயரைப் பிடித்தோம். மாங்குளத்தில் திருத்தினோமே, அதே வயரை. இழுத்துப் பார்த்தோம், அசைத்துப் பார்த்தோம், புதிதாகச் சுற்றினோம். துசா மடிக்கணினியைப் பொனற்றின் மேல் வைத்துப் பதிவுகளைத் தேடினார். வயரில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தோம். கடைசியாகத் திருத்திய குறைதான் நம் மூளையில் முன்வரிசையில் நிற்கும். புதிய குறை வந்தாலும் பழைய குறையின் முகத்தைத்தான் அதில் பார்ப்போம். இதை மட்டும் எழுதி ஸ்பானர் கிடக்கும் உங்கள் ஆயுதப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்தாலும் எனக்குச் சந்தோசம்.

பாலன் அண்ணைக்குப் பொறுமை போய்விட்டது. "பழைய காபரேற்றர் டிக்கிக்குள்ளை கிடக்கு. எடுத்துப் பூட்டுங்கோ."

"பூட்டலாம் அண்ணை. பொழுது படும். அதுக்குப் பிறகும் இந்த உயரத்திலை அது இழுக்காது."

"அப்ப ஒரு லொறியை மறிப்பம்."

"என் தங்கச்சி வீட்டுக்கு லொறியில ஏத்திக்கிட்டா போறது?" லெட்சுமி அக்கா காருக்குள் இருந்தபடியே சொன்னார். குரல் உடைந்திருந்தது. "ரெண்டு தடவ அவ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கா. மூணாவது தடவையும் அப்படியா?"

என் மனமும் எங்கெங்கோ ஓடியது. மண்ணெண்ணெய்க் காலத்தில் சேலைன் போத்தலில் பெற்றோல் நிரப்பிப் பொனற்றுக்குள் தொங்கவிட்டு, குழாய் வழியாகச் சொட்டவிட்டுக் கார் கிளப்புவோம். அது எனக்குக் கைவந்த வேலை. இப்போதும் ஒரு போத்தலைத் தொங்கவிட்டுப் புதிய பம்மை அதிலிருந்து இழுக்கவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. கை ஒரு போத்தலைத் தேடவும் தொடங்கிவிட்டது. பிறகு சூடேறிக் கிடந்த புகைக்குழாயைப் பார்த்தேன். நாளைக்கு இந்த இருக்கையில் பட்டுச்சேலையோடு ஒரு பெண் இருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டேன். அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல் செய்தது அது. வழி இருக்கும்போது செய்தால் அது வேறு.

பொனற்றை மூடினேன். ஆமாம், மூடினேன். திறந்திருக்கும்வரை கை அதற்குள்தான் போகும். வீதியோரக் கல்லில் இருந்து, "எல்லாரும் ஒருக்கா சொல்லுங்கோ. கார் நிண்ட நேரம் உங்களுக்கு என்ன நடந்தது? காருக்கு இல்லை, உங்களுக்கு," என்று கேட்டேன்.

பாலன் அண்ணை, "அக்சிலேற்றர் காலுக்குக் கீழை செத்த மாதிரி இருந்தது," என்றார்.

துசா, "திரையிலை எல்லாம் சரியாத்தான் இருந்தது அண்ணை. வேகம் மட்டும் விழுந்தது," என்றார்.

லெட்சுமி அக்கா தோளைத் தடவினார். "எனக்கென்ன நடந்துச்சு... இந்தப் புள்ளதான் மூணு தடவையும் எம்மேல வந்து விழுந்துச்சு. கம்பியூட்டரோட சேந்து. தோள் வலிக்குது."

நானும் துசாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"மூண்டு தரமும் அக்காவின்ரை பக்கமோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. இடப்பக்கம். அப்ப மூண்டும் வலப்பக்கம் திரும்பின வளைவு!" துசா எழுந்து நின்றுவிட்டார். "நான் இடப்பக்கம் சரிஞ்சால் பெற்றோலும்..."

"ராங்கிக்குள்ளை இடப்பக்கம் சரியும்! உறிஞ்சிற குழாய் வலப்பக்கம்!"

இருவரும் வீதியில் நின்று கத்தினோம். தேயிலை ஏற்றிவந்த ட்ரக்டர்காரன் ஏதோ சண்டை என்று நினைத்து நிறுத்திவிட்டான்.

விசயம் இவ்வளவுதான். அந்தப் பழைய ராங்கிக்குள் தடுப்புகள் இல்லை. பாதி குறைந்த பிறகு பெற்றோல் உள்ளே குளம் போலத் தளம்பும். வலப்பக்கம் வளைந்தால் இடப்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். புதிய பம் காற்றை உறிஞ்சும். பழைய காபரேற்றருக்கு அது ஒரு பொருட்டில்லை. அதன் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெற்றோல் மிச்சம் இருக்கும், ஒரு கணம் வராவிட்டாலும் சமாளிக்கும். இன்ஜெக்சனுக்கு அந்தப் பொறுமை இல்லை. நாங்கள் நாள் கணக்கில் ஓட்டிப் பார்த்தது எங்கே? ஏ-ஒன்பதில். அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட வீதி. இப்படியொரு வளைவை எங்கள் கார் அதுவரை கண்டதே இல்லை!

சரி, காரணம் தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது? ராங்கி நிரம்பியிருந்தால் பெற்றோல் எந்தப் பக்கமும் ஓட இடமிருக்காது; குழாய் எப்போதும் மூழ்கியே இருக்கும். ஆனால் மேலே அடுத்ததாகப் பெற்றோல் நிரப்பும் செட் வரை இன்னும் எத்தனை வலப்பக்க வளைவு என்று எங்களுக்குத் தெரியாது. கீழே ஒன்றைக் கடந்து வந்திருந்தோம்.

"திருப்புங்கோ அண்ணை," என்றேன். "கீழை போவம்."

பாலன் அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. "கீழையோ? இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறினதை விட்டிட்டு?"

"ஓம். இறக்கத்திலை எஞ்சின் நிண்டாலும் கார் போகும். இந்தப் பிரேக்குக்கு எஞ்சின்ரை உதவி தேவையில்லை. ரெண்டாவது கியரிலை விடுங்கோ. மேலை போய் வளைவிலை நிண்டால் பின்னாலை பஸ் நிக்கும்."

"நேரம் போகுது!"

"போகட்டும்."

லெட்சுமி அக்கா காருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். கணவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பாலன் அண்ணை திருப்பினார்.

மேலே போக வேண்டியவர்கள் கீழே போவதைப் போல மனதுக்குக் கஷ்டமான வேலை வேறு கிடையாது. ஏறிய ஒவ்வொரு வளைவும் எங்களைப் பார்த்துச் சிரித்தது போல இருந்தது. எங்களைக் கடந்து போன அதே மரக்கறி லொறி மேலே ஒரு கடையடியில் நிற்பது தெரிந்தது. நாங்கள் கீழே போனோம். நான் சொன்னது பிழையானால் நாளைக்கு இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தபடி பெற்றோல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றோல் செட்டில் ராங்கியின் கழுத்து வரை நிரப்பினோம். திரும்பி ஏறத் தொடங்கினோம்.

முதல் வலப்பக்க வளைவு வந்தது. நான் முன்பலகையைப் பிடித்துக்கொண்டேன். பாலன் அண்ணை வழக்கம்போல வீச்சாக எடுத்தார். துசா மடிக்கணினியோடு சரிந்து லெட்சுமி அக்காவின் மேல் விழுந்தார். எஞ்சின் ஓடியது. அடுத்தது. மறுபடி விழுந்தார். எஞ்சின் ஓடியது! "விழு புள்ள, விழு! நல்லா விழு!" என்று லெட்சுமி அக்கா கூவினார். கார் நின்ற வளைவை நாங்கள் தாண்டியபோது நால்வரும் கத்திய கத்தலில் கண்ணாடி அதிர்ந்தது. மேலே ஒரு வளைவில் புத்தம் புதிய வான் ஒன்று ஆவி பறக்க நின்றது. பாலன் அண்ணை கண்ணாடியை இறக்கி, வேகத்தைக் குறைத்து, "தண்ணி வேணுமோ தம்பி?" என்று கேட்டார். அப்படிக் கேட்பதற்காக அவர் எத்தனை வருசம் காத்திருந்தார் என்று அவருக்குத்தான் தெரியும்.

உயரம் கூடக் கூடத் துசா திரையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்: "காத்து மெலியுது அண்ணை, பெட்டி பெற்றோலைக் குறைக்குது. இன்னும் குறைக்குது. ஐயோ, என்ன வடிவாக் குறைக்குது!" திரும்பிப் பார்த்தேன். பின்னால் துளிப் புகை இல்லை. காபரேற்றரோடு வளர்ந்த எனக்கு அது மாயம் போல இருந்தது.

பொழுது சாயும் முன் தோட்டத்தை அடைந்தோம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் நின்ற ராசம்மா ஓடிவந்து முதலில் அக்காவைக் கட்டிப்பிடிக்கவில்லை. காரின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "இது சொந்தமா ஏறி வந்துச்சா?" என்று கேட்டார்.

"சொந்தமா ஏறி வந்துச்சுடி," என்றார் லெட்சுமி அக்கா. பிறகுதான் இருவரும் அழுதார்கள்.

வேலை முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு முடியவில்லை. கோயிலுக்குப் போகும் தோட்டப் பாதையைப் பார்த்தேன். இறம்பொடையைவிடச் செங்குத்து, கல்லும் குழியும். மணப்பெண்ணோடு தோழிகள், சாமான்கள். ராங்கி நிரம்பியிருக்கிறது, சரிதான். ஆனால் பாரம்? ஒருதரம் சமவெளியில் ஓட்டிப் பார்த்துவிட்டு மலையை நம்பியவன் நான். இரண்டாம் தரமும் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு மாமாமார் வெள்ளை வேட்டியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பருமனான மனிதர்கள். நான் போய்க் கும்பிட்டு, "கோயில் வரைக்கும் ஒருக்கா காரிலை வாறியளோ?" என்று கேட்டேன். தங்களுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோசமாக ஏறிக்கொண்டார்கள். கார் முனகிக்கொண்டு ஏறியது, குழிகளில் சாய்ந்தது, ஆனால் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இறங்கும்போது அவர்களில் ஒருவர், "ரொம்ப நல்ல உபசரிப்புங்க," என்றார். துசா வாயைப் பொத்திக்கொண்டு கோயில் மதிலுக்குப் பின்னால் ஓடிவிட்டார்.

பிறகு பெண் ஏறினாள். பூவும் மஞ்சளும் பட்டும் அந்தச் சின்னக் காருக்குள் நிரம்பி வழிந்தன. குளிர் காலை. பழைய காபரேற்றர் என்றால் எத்தனை தரம் சுழற்ற வேண்டியிருக்குமோ. பாலன் அண்ணை சாவியைத் தொட்டார், எஞ்சின் பிடித்துக்கொண்டது. பாதையின் இருபுறமும் தோட்டத்துச் சனம். மேளம் முன்னால் போனது. கார் பின்னால் மெல்ல ஏறியது. நானும் துசாவும் நடந்து போனோம். எங்களுக்கு இடமில்லை. ஒவ்வொரு வளைவிலும் எங்கள் இருவரின் காதும் மேளத்தை விட்டுவிட்டு எஞ்சினையே கேட்டது.

கலியாணம் முடிந்த மறுநாள் நகரத்தில் ஒரு கராச்சில் இடம் கேட்டு வாங்கினோம். ஒரு சின்ன இரும்புக் குடுவையைப் பற்றவைத்து, ராங்கிக்கும் இன்ஜெக்சன் பம்முக்கும் இடையில் கட்டினோம். எஞ்சினோடு பிறந்த பழைய பம் அந்தக் குடுவையை எப்போதும் நிரப்பி வைத்திருக்கும். புதிய பம் அதிலிருந்து குடிக்கும். ராங்கிக்குள் பெற்றோல் எங்கே ஓடினாலும் இனிக் கவலையில்லை. ராங்கியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வலப்பக்க வளைவுகளாகத் தேடித் தேடி ஓட்டினோம். துசாவுக்குத்தான் தோள் வலி வந்திருக்கும்.

நானும் துசாவும் பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்துவிட்டோம். பாலன் அண்ணையும் லெட்சுமி அக்காவும் எங்களோடு வரவில்லை. மலையேறிக் காட்டிய காரை வைத்துக்கொண்டு யார் நேரே வீட்டுக்குப் போவார்கள்? பண்டாரவளைப் பக்கம் இறங்கிக் கிழக்குக் கரையால் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சில நாள் கழித்துக் கராச்சில் ஒரு லொறிக்குக் கீழே படுத்திருந்தேன். தொலைபேசி அடித்தது. பாலன் அண்ணையின் பெயர். உங்களுக்கு இது இன்னும் தெரியாது, போகப் போகத் தெரியும்: நம்முடைய தொலைபேசி நல்ல விசயத்துக்கு அடிப்பதில்லை. வாகனம் ஓடும்வரை எவருக்கும் நம்முடைய நினைவு வராது, நின்றால்தான் வரும். லொறிக்குக் கீழிருந்து தலை அடிபட எழும்பி, கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தேன்.

"என்ன அண்ணை? எங்கை நிக்கிறியள்? என்ன நடந்தது?"

மறுபக்கத்தில் காற்று இரைந்தது. அலைச் சத்தம் கேட்டது. லெட்சுமி அக்கா யாரோடோ சிரித்துக் கதைப்பது கேட்டது.

"பொத்துவில் கடற்கரையிலை நிக்கிறம்," என்றார் பாலன் அண்ணை. "ஒண்டும் நடக்கேல்லை. சும்மாதான் எடுத்தனான்."

இத்தனை வருசத் தொழிலில் ஒரு காரின் சொந்தக்காரர் என்னைச் சும்மா கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உங்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு அழைப்பு வர வேண்டும்.